9.3-இலேயே நிற்கட்டுமா, நகரட்டுமா? சர்வர் ரிலீஸைப் பூட்டுவது பற்றி

ஒரு சர்வரில் அப்டேட் ஓட்டினேன், செய்வதற்கு ஒன்றுமில்லை என்றது டிஎன்எஃப், ரெட் ஹேட் லினக்ஸில் பேக்கேஜ்களை ஏற்றும் கருவி. அடுத்த சர்வரிலும் அதே பதில். கண்காணிப்புப் பலகையில் நிலுவை அப்டேட் எல்லாவற்றுக்கும் பூஜ்யம், எல்லாம் பச்சை, நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் வேறு எதற்கோ இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிப்பைப் பார்க்கப் போனபோதுதான் அது பதினான்கு மாதம் பழசு என்று தெரிந்தது. ஸ்டோரேஜ் டிரைவர் ஒன்று புதுக் கெர்னலில் ஏறவில்லை என்பதற்காக "இரண்டு வாரம் மட்டும்" என்று மைனர் ரிலீஸை, அதாவது 9.3 என்பதில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை, பூட்டி வைத்தது நானேதான். டிரைவர்க்காரர்கள் அடுத்த மாதமே புதுப் பதிப்பைக் கொடுத்துவிட்டார்கள். பூட்டைத் திறக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

அதனால் சர்வர்களை ஒரு ரிலீஸில் பின் பண்ணி, அதாவது பூட்டி, வைக்கலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, எதைப் பின் பண்ணப் போகிறீர்கள் என்பதுதான். ஒருவருக்கு அது டெபியன் 12-இல் இருப்பது 13-க்குத் தாவக்கூடாது என்பது, இன்னொருவருக்கு ரெட் ஹேட் 9.4-இல் இருப்பது 9.5 ஆகக்கூடாது என்பது. மூன்றாமவருக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மட்டும் அசையக்கூடாது, மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும். இன்னும் சிலர் போன மாதம் பரிசோதித்த அதே பேக்கேஜ் தொகுப்பு, ஒரு எழுத்து மாறாமல், நாளை ஏற்றும் புதுச் சர்வரிலும் வேண்டும் என்கிறார்கள். நான்கும் வேறு வேறு வேலை, செலவும் ஆபத்தும் வேறு. ஒரே சொல்லில் எல்லாவற்றையும் பேசுவதால்தான் இந்த விவாதம் பாதி நேரம் எங்கும் போய்ச் சேராமல் நிற்கிறது.

பெரிய ரிலீஸைப் பூட்டுவதில் விவாதிக்க ஒன்றுமில்லை, கட்டாயம் பூட்டுங்கள். டெபியனில், பேக்கேஜ் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் பட்டியலில் "ஸ்டேபிள்" என்று எழுதாமல் "புக்வார்ம்" (டெபியன் 12) என்று ரிலீஸின் பெயரையே எழுதுவது அவ்வளவுதான். "ஸ்டேபிள்" என்பது நகரும் பலகை, 2023 ஜூன் 10 அன்று அது புல்ஸ்ஐயிலிருந்து புக்வார்முக்கு நகர்ந்தது, 2025 ஆகஸ்ட் 9 அன்று ட்ரிக்ஸிக்கு (டெபியன் 13) நகர்ந்தது. இப்போதெல்லாம் டெபியனின் பேக்கேஜ் கருவியான ஆப்ட் இந்த மாற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டு நின்றுவிடும், ஆனால் யாரோ ஒரு ஸ்கிரிப்டில் எல்லாவற்றுக்கும் "சரி" என்று எழுதி வைத்திருந்தால் அந்தக் காவலும் போயிற்று. கன்டெய்னர் இமேஜிலும் இதே கதைதான், "லேட்டஸ்ட்" என்ற டேகை நம்பிப் பில்ட் பண்ணுவதும் ஒருவகையில் நகரும் பலகையைத் துரத்துவதுதான். உபுண்டுவில் ரிலீஸ் மேம்பாட்டு அறிவிப்பை "நெவர்" என்று வைத்துவிட்டால் யாரும் தெரியாமல் அடுத்த எல்டிஎஸ்ஸுக்கு, அதாவது நீண்டகால ஆதரவு ரிலீஸுக்கு, போகமாட்டார்கள். இதற்கு மேல் இதில் பேச எதுவுமில்லை, ஆதரவு முடியும் தேதியை நாட்காட்டியில் போட்டுக்கொண்டு நகரலாம்.

சிக்கல் மைனர் ரிலீஸில். ரெட் ஹேட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மைனர் ரிலீஸ் வரும், ஒன்றும் செய்யாமல் விட்டால் சாதாரண அப்டேட்டிலேயே 9.4 இருந்தது 9.5 ஆகிவிடும். இதைப் பிடிக்காதவர்களிடம் நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கெர்னல் மாட்யூல், ஸ்டோரேஜ் டிரைவரோ இசட்எஃப்எஸ்ஸோ கிளஸ்டர் ஃபைல் சிஸ்டமோ, குறிப்பிட்ட மைனர் ரிலீஸின் கெர்னலுக்கென்றே கட்டப்பட்டு வருவதுண்டு. எஸ்ஏபி ஹானா மாதிரி மென்பொருள் எந்த மைனர் ரிலீஸில் ஓடினால் ஆதரவு உண்டு என்று பட்டியலே வைத்திருக்கிறது, பட்டியலில் இல்லாததில் ஓட்டிவிட்டு உதவி கேட்டுப் போனால் முதல் பதில் என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு மைனர் ரிலீஸ் என்றால் பேட்ச் மட்டும்தான் என்று நினைப்பதும் தவறு. 9.5-இல் மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல் 3.0.7-இலிருந்து 3.2.2-க்குத் தாவியது, இதைச் சின்ன மாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது.

ரெட் ஹேட்டின் சப்ஸ்கிரிப்ஷன் மேனேஜரில் ரிலீஸை 9.3 என்று வைத்துவிட்டால் ரெபோ, அதாவது பேக்கேஜ்கள் வந்திறங்கும் களஞ்சியம், அங்கேயே நின்றுவிடும், வேலை ஒரு வரியில் முடிந்தது. ஆனால் 9.4 வந்த நாளிலிருந்து அந்த 9.3 ரெபோவுக்கு எதுவும் வராது. சர்வர் ரெபோவைக் கேட்கிறது, ரெபோ புதிதாக ஒன்றுமில்லை என்கிறது, சர்வர் நிலுவை பூஜ்யம் என்று எழுதுகிறது. மேலே நான் சொன்ன பச்சைப் பலகை இப்படித்தான் வந்தது. பேட்ச் ஆன சர்வரும் கைவிடப்பட்ட சர்வரும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்பதுதான் இந்த வழியில் எனக்குப் பெரிய பயம். உடைந்தால் தெரியும், இதில் எதுவும் உடைவதில்லை.

2024 ஜூலை 1 அன்று, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் ரெக்ரெஷன் என்று பெயர் வைத்த அந்த ஓட்டை, சிவிஇ-2024-6387, வெளியே வந்தபோது இது நன்றாகவே தெரிந்தது. 9.4-இல் இருந்தவர்களுக்குத் திருத்தம் வந்தது. 9.2-இல் நின்றவர்களுக்கும், ஈயூஎஸ் என்ற நீட்டித்த ஆதரவு இருந்தால், வந்தது. இடையில் 9.3-இல் பூட்டி வைத்தவர்களுக்கு எதுவுமில்லை, ஏனென்றால் ரெட் ஹேட் 9-இல் ஈயூஎஸ் இரட்டைப்படை மைனர் ரிலீஸ்களுக்குத்தான், 9.4 வந்த ஏப்ரல் மாதக் கடைசியோடு 9.3-இன் கணக்கு முடிந்துவிட்டது. நுழைபவருக்குத் தரும் அவகாசமான லாகின் கிரேஸ் டைமைப் பூஜ்யம் ஆக்கிச் சமாளிக்கலாம் என்றார்கள், அதில் சேவையை மறித்துவைக்கும் தாக்குதலுக்குக் கதவு திறக்கிறது. பூட்டியே ஆக வேண்டும் என்றால் எந்த எண்ணில் என்பதிலாவது கவனம் வேண்டும், ஒற்றைப்படையில் பூட்டுவதற்கு ஒரு நல்ல காரணமும் எனக்குத் தெரியவில்லை.

திருத்தம் வந்ததா என்று பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் முடியாது. 9.4-இல் அந்தத் திருத்தம் சேர்ந்த பேக்கேஜின் பதிப்பு 8.7பி1-38.இஎல்9_4.1 என்றிருக்கும். 8.7 என்பது மாறவே இல்லை, ஏனென்றால் புதுப் பதிப்பைக் கொண்டுவராமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் ஒட்டுகிறார்கள். பின்னால் வரும் 9_4.1 தான் விஷயம், 9.4 கிளையில் தனியாகப் போட்ட திருத்தம் என்று பொருள். முன்னால் இருக்கும் எண்ணை மட்டும் படிக்கும் ஸ்கேனர் இதைப் பார்த்து ஓட்டை இன்னும் இருக்கிறது என்று கத்தும், பூட்டிய சர்வர் வைத்திருப்பவர்கள் இந்தக் கத்தலுக்குப் பதில் எழுதியே பாதி நாளைக் கழிப்பார்கள்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரலில் ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை வந்தபோது ரெட் ஹேட் 6.5 வைத்திருந்தவர்கள் தூக்கமில்லாமல் ஓடினார்கள், 6.4-லேயே நின்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டை இருந்த ஓபன்எஸ்எஸ்எல் 1.0.1 அங்கே 6.5-இல்தான் நுழைந்தது, 6.4-இல் 1.0.0. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் பின்கதவு வெளிப்பட்டபோதும் மாட்டிக்கொண்டது டெபியனின் அன்ஸ்டேபிள் மாதிரி வேகமாக ஓடும் கிளைகள்தான், டெபியன் ஸ்டேபிளை அது தொடவில்லை. பழசில் நிற்பவர்கள் இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்வார்கள், சொல்லட்டும், உண்மைதான். ஆனால் எக்ஸ்இசட் கதையில் காப்பாற்றியது நிதானம், ஸ்டேபிள் கிளைக்குத் திருத்தங்கள் தினமும் வந்துகொண்டுதான் இருந்தன. ஹார்ட்ப்ளீட்டில் காப்பாற்றியது அதிர்ஷ்டம், அதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஈயூஎஸ் வாங்கினால் ஒரு மைனர் ரிலீஸில் 24 மாதம் நிற்கலாம், திருத்தங்கள் வரும். வருவது பெரும்பாலும் கிரிட்டிகல், இம்பார்ட்டன்ட் என்று தரம் பிரித்தவற்றுக்குத்தான், அதற்குக் கீழே இருப்பவை அப்படியே கிடக்கும். ரிலீஸைப் பூட்டினால் மட்டும் போதாது, ஈயூஎஸ் ரெபோக்களையும் தனியாக இயக்க வேண்டும். இதை மறந்துவிட்டு ஈயூஎஸ்ஸுக்குப் பணமும் கட்டிக்கொண்டு, பேட்சும் வாங்காமல் இருக்கும் சர்வர்களை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். ரெட் ஹேட்டைப் பின்பற்றும் இலவச லினக்ஸ்களான ராக்கி, அல்மா வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இயல்பாகக் கிடையாது, புது மைனர் வந்ததும் பழையது வால்ட் என்ற பழம்பதிப்புக் கிடங்குக்குப் போய்விடும். வால்ட் ரெபோவைக் காட்டி சர்வரை ஓட்டுகிறீர்கள் என்றால் நீங்கள் வைத்திருப்பது காட்சிப் பொருள். இபெல் என்ற கூடுதல் களஞ்சியத்தின் பேக்கேஜ்கள் வேறு இருக்கின்றன, இபெல் 9-இல் அவை நடப்பு மைனர் ரிலீஸுக்கு எதிராகக் கட்டப்படுகின்றன, பழைய மைனரில் பூட்டிய சர்வரில் ஒருநாள் ஏதோ ஒரு லைப்ரரி இல்லை என்று நிறுவல் நின்றுவிடும்.

அடுத்த வழி, பேக்கேஜை மட்டும் பிடித்து வைப்பது. ஆப்ட் மார்க் ஹோல்ட், டிஎன்எஃப் வெர்ஷன்லாக் எல்லாம் இதற்குத்தான். டேட்டாபேஸ், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் குபெலெட் மாதிரி வரிசையாக, கையால் ஏற்ற வேண்டியவற்றுக்கு இது சரியான கருவி, குபர்நெட்டிஸின் நிறுவல் வழிகாட்டியே குபெலெட், குபெஅட்ம் இரண்டையும் ஹோல்டில் வைக்கச் சொல்கிறது. ஒன்றோடொன்று கட்டியிருக்கும் அடிப்படை லைப்ரரிகளுக்கு இது சரியான கருவி அல்ல. மேலே சொன்ன ஓபன்எஸ்எஸ்எல் தாவலையே எடுத்துக்கொள்ளுங்கள், ஓபன்எஸ்எஸ்ஹெச்சைப் பிடித்து வைத்துவிட்டு ஓபன்எஸ்எஸ்எல்லை மட்டும் 3.2.2-க்கு விட்டால், அடுத்த முறை எஸ்எஸ்ஹெச் சேவை கிளம்பும்போது பதிப்பு பொருந்தவில்லை, கட்டியது 30000070-க்கு, இருப்பது 30200020 என்று சொல்லிவிட்டுச் செத்துவிடும். ஏற்கனவே திறந்திருக்கும் உங்கள் செஷன் உயிரோடு இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. அதை மூடிவிட்டு மறுபடி நுழையப் போகும்போதுதான் தெரியும், அப்போது கன்சோல் அணுகல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். டெபியனில் பிரிஃபரன்ஸ் ஃபைலில் முன்னுரிமை எண் போட்டுப் பின் பண்ணுகிறவர்கள் 1000-க்கு மேல் போட்டால் ஆப்ட் பேக்கேஜைப் பின்னோக்கியும் இறக்கும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் நல்லது. கேட்டதைத்தான் செய்கிறது, நாம்தான் என்ன கேட்டோம் என்று மறந்துவிடுகிறோம்.

எனக்குப் பிடித்த வழி நான்காவது: சர்வரில் எதையும் பூட்டாமல் ரெபோவைப் பூட்டுவது. ரெபோவின் நகலாகச் சொந்த மிரர் ஒன்றை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட தேதியில் அதன் நிலையை உறையவைத்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, சர்வர்களுக்கு அந்த ஸ்னாப்ஷாட்டை மட்டும் காட்டுவது. இதற்கான கருவிகள், டெபியன் பக்கம் ஆப்ட்லி, ரெட் ஹேட் பக்கம் பல்ப், அதன் மேல் கட்டெல்லோ, காசு இருந்தால் சேட்டிலைட். மாதத் தொடக்கத்தில் ஒரு வெட்டு, அதாவது ஒரு ஸ்னாப்ஷாட், அது முதலில் பரிசோதனைச் சர்வர்களுக்கு, சில நாள் கழித்துப் புரொடக்ஷனில் பாதிக்கு, அப்புறம் மீதிக்கு. எந்தச் சர்வரில் எந்தத் தேதியின் தொகுப்பு என்று கேட்டால் பதில் ஒரு வரியில் இருக்கிறது. இன்று ஏற்றும் புதுச் சர்வரும் போன வாரம் ஏற்றியதும் ஒரே மாதிரி இருக்கும். முக்கியமாக, நிலுவை பூஜ்யம் என்றால் எந்தத் தேதிவரை பூஜ்யம் என்பதும் கூடவே தெரியும்.

இந்தச் சில நாள் தாமதம் எவ்வளவு பெறும் என்பதற்கு டெபியன் 12.3 ஒன்றே போதும். 2023 டிசம்பர் 9 அன்று அந்தப் பாயின்ட் ரிலீஸ் வரவேண்டியது, அதிலிருந்த 6.1.64-1 கெர்னலில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தில் தரவைக் கெடுக்கும் பிழை இருப்பது தெரிந்து இமேஜ் வெளியீட்டை நிறுத்தி, அடுத்த நாளே 6.1.66-1 கெர்னலோடு 12.4 என்று விட்டார்கள். தானியங்கி அப்டேட்டை உடனே எல்லாச் சர்வரிலும் ஓடவிட்டவர்கள் அந்த ஒரு நாளில் மாட்டியிருக்கக்கூடும். ஒரு வாரம் தள்ளி வெட்டு எடுப்பவர்களுக்கு 12.3 என்று ஒன்று இருந்ததே தெரியாது. தள்ளிப்போட வேண்டியது நாட்களில், வருடங்களில் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

சும்மா வரவில்லை இந்த வழி. மிரருக்கு டிஸ்க் வேண்டும், பழைய வெட்டுகளை அழிக்க ஒரு ஒழுங்கு வேண்டும், அவசரத் திருத்தம் வரும்போது மாத வெட்டுக்குக் காத்திருக்காமல் அந்த ஒரு பேக்கேஜை மட்டும் நடப்பு வெட்டில் செருகும் பாதை முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பழகாமல் ஸ்னாப்ஷாட் மட்டும் வைத்திருந்தால் அதுவும் இன்னொரு பூட்டுதான், கொஞ்சம் அழகான பூட்டு. இன்னொன்று, ரெபோவைப் பழைய வெட்டுக்குத் திருப்பினால் சர்வரும் திரும்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். திரும்பாது. ஏற்கனவே ஏறிய பேக்கேஜ் ஏறியதுதான், டிஎன்எஃப் வரலாற்றிலிருந்து அந்த மாற்றத்தை வெளிப்படையாகப் பின்வாங்கச் சொல்ல வேண்டும், அதற்குப் பழைய பேக்கேஜ் ரெபோவில் கிடைக்கிறது என்பதுதான் ஸ்னாப்ஷாட் செய்யும் உதவி.

சொந்த மிரர் வைக்க ஆள் இல்லை என்றால் மற்றவர்கள் வைத்திருப்பதைப் பயன்படுத்தலாம். டெபியனின் ஸ்னாப்ஷாட் களஞ்சியத்தில் எந்தத் தேதியின் நிலையும் கிடைக்கும், ஆனால் பழைய செக்யூரிட்டி ரெபோவின் ரிலீஸ் ஃபைல் காலாவதி ஆகியிருக்கும், ஆப்ட் மறுக்கும், காலாவதிச் சோதனையை அணைத்தால்தான் உள்ளே விடும். அந்தச் சோதனை யாரோ பழைய ரெபோவைக் காட்டி உங்களை ஏமாற்றாமல் இருக்க வைத்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அணையுங்கள். உபுண்டு 24.04-இன் ஆப்ட்டில் தேதி கொடுத்தே ஸ்னாப்ஷாட் கேட்கலாம். அமேசான் லினக்ஸ் 2023 ஒரு படி மேலே போய், இதையே இயல்புநிலை ஆக்கிவிட்டது: எந்த இமேஜிலிருந்து கிளம்பினீர்களோ அந்தப் பதிப்பின் ரெபோவிலேயே சர்வர் பூட்டியிருக்கும், நீங்கள் அடுத்த பதிப்பின் எண்ணைச் சொல்லும்வரை எதுவும் வராது. நல்ல யோசனைதான், ஆனால் அது தெரியாமல் தினமும் அப்டேட் ஓட்டிவிட்டு எல்லாம் புதிதாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்களுக்கு மறுபடியும் அதே பச்சைப் பலகை.

எதையும் தொடாமல் வைத்தால் எதுவும் மாறாது என்ற நம்பிக்கையைப் பற்றியும் கொஞ்சம். 2021 செப்டம்பர் 30 அன்று, இணையதளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பயன்படுத்திவந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 சான்றிதழ் காலாவதி ஆனது. ஓபன்எஸ்எஸ்எல் 1.0.2, அதற்கு முந்தையது வைத்திருந்த, சான்றிதழ்ப் பேக்கேஜைப் புதுப்பிக்காத சர்வர்களிலிருந்து வெளியே போன இணைப்புகள் அன்று திடீரென்று முறிந்தன. அந்தச் சர்வர்களில் ஒரு ஃபைல்கூட மாறவில்லை, உலகம்தான் மாறியது. நேர மண்டலத் தரவும் அப்படித்தான், ஏதோ ஒரு நாடு கடிகார விதியை மாற்றினால் உறைந்த சர்வர் ஒரு மணி நேரம் தவறாகக் காட்டும். 2024 ஜூன் 30 அன்று சென்டோஸ் 7 முடிந்ததும் அதன் மிரர் பட்டியல் முகவரியே இல்லாமல் போனது, ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் ஓடின, ஆனால் அதை அடிப்படையாக வைத்துப் புதிதாக இமேஜ் கட்டிய பில்டுகள் எல்லாம் சிவப்பு. பூட்ட விரும்புகிறவர்கள் ரூட் சான்றிதழ்களையும் நேர மண்டலத் தரவையும் மட்டுமாவது பூட்டுக்கு வெளியே விடுங்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? சர்வர் பத்துக்குள், வெளிக் கெர்னல் மாட்யூல் எதுவும் இல்லை என்றால் எதையும் யோசிக்காதீர்கள், பெரிய ரிலீஸை மட்டும் பூட்டி, செக்யூரிட்டி அப்டேட்டைத் தானாக ஓடவிட்டு, இரண்டு சர்வரை மட்டும் மற்றவற்றுக்கு ஒருநாள் முன்னால் ஓடவையுங்கள், போதும். பத்துக்கு மேல் போய், ஒரே மாதிரி இருக்க வேண்டிய சர்வர்கள் பல இருந்தால் ஸ்னாப்ஷாட் மிரர், வேறு பேச்சில்லை. மைனர் பூட்டு, ஒப்பந்தமோ டிரைவரோ கட்டாயப்படுத்தும் சர்வர்களுக்கு மட்டும், இரட்டைப்படை எண்ணில், ஈயூஎஸ் ரெபோவோடு, மற்றவற்றிலிருந்து பிரித்த தனிக் குழுவில். பக்கத்தில் சும்மா நிற்கும் வெப் சர்வர்களையும் "ஒரே மாதிரி இருக்கட்டும்" என்று சேர்த்துப் பூட்டுவதுதான் வழக்கமாக நடப்பது, அங்கேதான் கை வைக்க வேண்டும்.

ஆதரவு முடிந்த ரிலீஸில்தான் ஓடும், நகர்த்தவும் முடியாது, காசும் கிடையாது என்ற வகைச் சர்வர் எங்கும் ஒன்றிரண்டு இருக்கும். அதற்குப் பின்னிங் பற்றி யோசிப்பது வீண், நெட்வொர்க்கில் தனியாக ஒதுக்கி, உள்ளே வரும் வழியை ஒரே ஒரு ப்ராக்ஸியாகக் குறைத்து, வெளியே போகும் வழியை அடைத்துவிடுங்கள். என் பங்குக்கு இப்போது பூட்டு வைக்கும் ஒவ்வொரு கான்ஃபிக் வரிக்கும் மேலே ஏன், யார், எந்தத் தேதிவரை என்று ஒரு கமென்ட் போடுகிறேன், அந்தத் தேதி கடந்தால் சர்வர்களைத் தானாக அமைக்கும் ஆன்சிபிள் ஓட்டம் தோற்றுவிடும்படி ஒரு சோதனையும் வைத்திருக்கிறேன். போன வாரம்கூட ஒன்று தோற்றது, திட்டிக்கொண்டே போய்த் திறந்தேன்.